விடுபட்ட ஒரு சொல்



அண்மையில் ஒரு ஞாயிறு ஆராதனையில் நம் சபையின் சகோதரி ஒருவர் ஸ்தோத்திரக் காணிக்கையோடு முன்னே வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அந்த வாரத்தில்தான் அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்திருந்தது. இருபத்து நான்கு கேள்விகள் கொண்ட தேர்வில் தேறி, நகரமன்ற மண்டபத்தில் நின்று மன்னருக்கு உண்மையாயிருப்பேன் என்று சத்தியம் செய்து, நாட்டுப்பண் ஒலிக்கச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டதை அவர் விவரித்தபோது குரல் தழுதழுத்தது. "பிரித்தானியராக இருப்பதில் பெருமைப்படுகிறேன்" என்று சாட்சியை முடித்தார். சபை கைதட்டியது. ஆனால் எல்லாரும் தட்டவில்லை.

ஆராதனை முடிந்து தேநீர் அருந்துகையில் இருவர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர். "ஐயா, நம்முடைய குடியுரிமை பரலோகத்தில் அல்லவா இருக்கிறது? பலிபீடத்துக்கு முன் நின்று ஒரு தேசத்தைக் குறித்துப் பெருமை பேசலாமா?" என்று கேட்டார். மற்றவன் இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞன். அவன் கேள்வி வேறு. "பாஸ்டர், போன ஆகஸ்டில் எங்கள் தெருவில் விளக்குக் கம்பம்தோறும் கொடி கட்டினார்களே, அது அந்த அன்ரிக்காகவா கட்டினார்கள்?"

இரண்டு கேள்விகளுக்கும் அன்று சரியான பதிலை நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். ஆகையால் எழுதுகிறேன்.

முதலில் பெரியவருடைய கேள்வி. நம் தமிழில் "பெருமை" என்னும் சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பரீட்சையில் தேறிய மகளைப் பார்த்துத் தாய் பெருமைப்படுகிறாள், அதில் பாவமில்லை. ஆனால் வேதாகமத்தில் அதே சொல் வரும்போது அது பெரும்பாலும் தேவன் எதிர்த்து நிற்கிற காரியமாகவே வருகிறது. சகோதரி முதல் பொருளில் சொன்னதைப் பெரியவர் இரண்டாம் பொருளில் கேட்டிருக்கிறார்.

பரலோகக் குடியுரிமையைப் பற்றிப் பவுல் எழுதியது எந்த ஊராருக்கு என்பதையும் நினைத்துப் பாருங்கள். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம். தாங்கள் ரோமர் என்பதில் அவ்வூராருக்கு அளவற்ற மிடுக்கு. பவுலையும் சீலாவையும் அதிகாரிகளிடம் இழுத்துச் சென்றபோது அவர்கள் வைத்த குற்றச்சாட்டே, இந்த யூதர்கள் ரோமராகிய நமக்கு அடாத முறைமைகளைப் போதிக்கிறார்கள் என்பதுதான். தேசப்பெருமை தன்மேல் தடியடியாக இறங்கியதைப் பவுல் தன் முதுகில் அனுபவித்தார். ஆனாலும் மறுநாள் காலையில் அவர் என்ன செய்தார்? தானும் ரோமக் குடிமகன்தான் என்று அறிவித்து, விசாரணையின்றி அடித்தது சட்டத்துக்கு விரோதம் என்று நிலைநாட்டி, அதிகாரிகளே வந்து தங்களை வெளியே அழைத்துப் போகும்படி செய்தார். பின்னர் எருசலேமில் வாரினால் கட்டப்பட்டபோதும் அதே குடியுரிமையைச் சொன்னார். மேலான குடியுரிமை உடையவர் கீழான குடியுரிமையைத் தூக்கி எறியவில்லை. அதைத் தொழுதுகொள்ளவும் இல்லை. அதன் நல்ல சட்டத்தை நன்றியோடு பயன்படுத்தினார்.

சகோதரியின் சாட்சியிலும் இதே மனநிலையைத்தான் நான் கேட்டேன். அவர் மாட்சிமை, பேரரசு என்றெல்லாம் பேசவில்லை. வந்த புதிதில் வழி தவறி ஒரு காவலரிடம் போய் நின்றதைச் சொன்னார். அவருடைய இடுப்பில் துப்பாக்கி இருக்கிறதா என்று முதலில் பார்த்தாராம். இல்லை. சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, துப்பாக்கி இல்லாத காவலர் ஒருவர் "மேடம்" என்று அழைத்துப் பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தது என்னவாக இருந்திருக்கும்! இங்கிலாந்தில் சாதாரணப் பணியிலிருக்கும் காவலர் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்துவதில்லை என்பது இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு செய்தியே அல்ல. பாதி நேரம் ஒரு நாட்டின் நன்மைகளை அந்நியனுடைய கண்ணே கண்டுபிடிக்கிறது.

நானும் என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். தேசிய மருத்துவச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. போரினால் கடனாளியாகி, உணவுப் பங்கீட்டு அட்டைகளோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு நாடு, நோயாளியிடம் பணம் கேட்கப்போவதில்லை என்று முடிவெடுத்த ஆண்டு அது. அதை முன்னின்று நடத்திய சுகாதார அமைச்சர் அனைரின் பெவன் வேல்ஸ் நாட்டின் டிரெடிகர் ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அவ்வூர்த் தொழிலாளர்கள் தங்கள் வாரக் கூலியில் சில்லறைக் காசுகளை ஒதுக்கி ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். ஒருவர் காசு இன்னொருவர் பிள்ளையின் காய்ச்சலுக்கு. அந்த ஊர் ஏற்பாட்டைத்தான் நாடு முழுவதற்கும் விரிக்க அவர் விரும்பினார். ஆதித் திருச்சபை தங்களுக்குள்ளதைப் பொதுவாய் வைத்து அனுபவித்ததை நாம் பிரசங்கிக்கிறோம். இவர்கள் அதில் ஒரு துளியை வரிச் சட்டமாக எழுதினார்கள். இன்று காத்திருப்போர் பட்டியல் நீண்டுகிடப்பதையும், விசாவில் இருப்பவர்கள் வரியோடு சேர்த்து ஆண்டுக்கு 1,035 பவுண்டு தனிக் கட்டணமும் கட்டவேண்டியிருப்பதையும் நான் மறக்கவில்லை. கட்டிய குடும்பங்கள் நம் சபையிலேயே இருக்கின்றன. ஆனாலும் நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, பணம் எவ்வளவு கொண்டுவந்திருக்கிறாய் என்று யாரும் கேட்காத ஒரு வாசலுக்குள் நுழைந்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள்.

இன்னொன்று கடலோரத்தில் இருக்கிறது. 1824இல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம் இன்றும் அரசுத் துறை அல்ல, நன்கொடையால் நடப்பது. படகில் ஏறுவோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். ஆசிரியர், மீனவர், தச்சர் என்று ஏதோ வேலையிலிருப்பவர்கள், அழைப்பு வந்ததும் ஓடிப்போய்ப் புயலுக்குள் இறங்குகிறார்கள். 2021 கோடையில், ஆங்கிலக் கால்வாயில் தத்தளித்த அகதிகளைக் காப்பாற்றியதற்காக இவர்களைச் சிலர் ஏசினார்கள். கடலில் மூழ்குகிறவனிடம் நாங்கள் கடவுச்சீட்டு கேட்பதில்லை என்ற போக்கில் சங்கம் தன் வேலையைத் தொடர்ந்தது. ஏச்சுக்குப் பதிலாக நாடெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது. நல்ல சமாரியன் உவமையை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இந்தப் படகோட்டிகளில் எத்தனை பேர் ஆலயத்துக்குப் போகிறவர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சமாரியனும் சரியான ஆலயத்துக்குப் போகிறவன் அல்ல.

வரிசையில் நிற்கும் ஒழுங்கு, பேருந்தை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது முதலியவற்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். வானிலையைச் சேர்க்க வேண்டாம்.

இனி அந்த இளைஞனுடைய கேள்வி. அது கடினமானது.

2025 ஆகஸ்டில் புனித ஜார்ஜின் சிவப்புச் சிலுவைக் கொடியும் யூனியன் கொடியும் ஊர் ஊராக விளக்குக் கம்பங்களில் ஏறின. சாலை வட்டங்களின் நடுவே சிலுவையைச் சாயத்தால் வரைந்தார்கள். நான் ஒன்றை அறிக்கையிடவேண்டும்: எனக்குப் பயமாயிருந்தது. தொடர்வண்டி நிலையத்திலிருந்து என் வீடுவரை கொடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். என் பக்கத்து வீட்டு முதியவரின் மாடிச் சன்னலிலும் ஒன்று தொங்கியது. நான் ஊரில் இல்லாத வாரங்களில் என் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பவர் அவர்தான். ஆயினும் மூன்று வாரம் அவரோடு நின்று பேசாமல் தலையசைத்துவிட்டுப் போனேன். ஒருநாள் துணிந்து கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பத்தாண்டுகளாக ஒவ்வொரு கால்பந்துப் போட்டித் தொடருக்கும் அந்தக் கொடியை அங்கே கட்டுவதாகவும், இந்த முறை கழற்றச் சோம்பலாயிருந்ததென்றும் சொன்னார். பத்தாண்டுகள் அது என் தலைக்குமேல் தொங்கியிருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

இதனால் எல்லாக் கொடிகளும் கால்பந்துக்காகவே கட்டப்பட்டன என்று அந்த இளைஞனிடம் சொல்லி அவனை ஏமாற்ற மாட்டேன். அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று லண்டனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நடத்திய பேரணியில், குடியேறியவர்களுக்கு எதிரான முழக்கங்களுக்கு நடுவே மரச்சிலுவைகளைச் சிலர் தூக்கிச் சென்றதைப் பார்த்தோம். போதகனாகிய எனக்குக் கொடியைவிட அந்தச் சிலுவைதான் அதிகம் வலித்தது. கொடி அவர்களுக்கும் உரியது. அவர்கள் அதை ஏந்தலாம். சிலுவை எந்தத் தேசத்தின் எல்லைக் கல்லும் அல்ல. அதைச் சுமந்தவர் நகரவாசலுக்குப் புறம்பே கொண்டுபோகப்பட்டவர். வழியில் அதைச் சுமக்க உதவியவன் ஆப்பிரிக்காவின் சிரேனே ஊரான்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டையும் அவன் நினைக்கட்டும். 2024 ஜூலை இறுதியில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபின், பொய்ச் செய்தியை நம்பிய ஒரு கூட்டம் அவ்வூர்ப் பள்ளிவாசலைத் தாக்கிச் சுற்றுச்சுவரைப் பெயர்த்து எறிந்தது. மறுநாள் காலையில் அவ்வூர்க்காரர்கள் துடைப்பத்தோடும் கரணையோடும் வந்து நின்றார்கள். கொத்தனார்கள் கூலி வாங்காமல் அதே சுவரைத் திரும்பக் கட்டினார்கள். இரண்டு கூட்டத்தாரும் பிரித்தானியர்தாம். எந்தப் பிரித்தானியாவைக் குறித்துப் பெருமைப்படுகிறாய் என்று கேட்டால், சுண்ணாம்பு படிந்த கைகளைக் காட்டுவேன்.

அப்படியானால் நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு தீயதை வேறொருவர் கணக்கில் எழுதிவிடலாமா? தேசப்பற்று பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. வில்பர்ஃபோர்ஸைக் குறித்துப் பேசுவோம்: 1807இல் அடிமை வியாபாரம் தடைசெய்யப்பட்டது, 1833இல் அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. விசுவாசிகள் ஜெபத்தோடு போராடிப் பெற்ற வெற்றி அது. சர்க்கரையை வாங்கமாட்டோம் என்று சமையலறையிலேயே போராடிய ஆயிரக்கணக்கான குடும்பங்களும் அதில் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தோடு 2 கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கப்பட்டது. அது போனது அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அதற்காக அரசு பட்ட கடனின் மிச்சம் 2015இல்தான் தீர்ந்தது. அதற்குமுன் இங்கு வரி கட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த இளைஞனின் தகப்பனும் ஒருவர்.

திருநெல்வேலிப் பெரியவருக்கு இதில் இன்னும் நெருங்கிய ஒரு செய்தி உண்டு. கால்டுவெல் ஐயரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். 1841இல் இடையன்குடிக்கு வந்து வாழ்நாளை அங்கே செலவிட்ட அவரை ஆதரித்தது எஸ்.பி.ஜி. என்று நம் பாட்டன்மார் அழைத்த நற்செய்திச் சங்கம். அதே சங்கம் பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்னும் கரும்புத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரராய் இருந்தது. அங்கே நூற்றுக்கணக்கான அடிமைகள் உழைத்தார்கள். தொடக்கக் காலத்தில் "சங்கம்" என்னும் சொல்லையே பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் அவர்கள் மார்பில் சுட்டார்கள். ஒழிப்புச் சட்டம் வந்தபோது அச்சங்கத்துக்கும் 8,823 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. 2006இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது. நமக்கு வேதத்தையும் பள்ளிக்கூடத்தையும் தந்த கை, சில ஆண்டுகளுக்கு முன்புவரை இன்னொரு கரையில் சாட்டை பிடித்திருந்தது. இதை அறிந்தபின் கால்டுவெல்லுக்காக நான் நன்றி சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் முன்போல எளிதாகச் சொல்ல முடிவதில்லை.

இந்நாட்டின் வரலாற்றைக் குறித்துப் பெருமைப்படுவோர் 2013இல் நூற்றுக்கு 86 பேராக இருந்து 2023இல் 64 பேராகக் குறைந்துவிட்டதாக ஒரு புகழ்பெற்ற கணக்கெடுப்பு கூறியது. பலர் இதை வீழ்ச்சி என்று புலம்பினார்கள். நான் அப்படி எண்ணவில்லை. தன் பிதாக்களின் பாவத்தை வாய்விட்டு அறிக்கையிட்ட நெகேமியாவும் தானியேலும் தங்கள் தேசத்தை வெறுத்தவர்களா? எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிறது என்று கேட்டு உட்கார்ந்து அழுதவன் அல்லவா அந்த நெகேமியா! நேசிக்காத தேசத்தின் பாவத்துக்காக யாரும் அழுவதில்லை.

எனக்கு இந்நாட்டில் மிகவும் பிரியமான இடம் எது என்று கேட்டால் கவென்ட்ரி என்பேன். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் அந்நகரின்மேல் குண்டுமாரி பொழிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பழமையான புனித மிகாவேல் பேராலயம் எரிந்து, வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சின. விழுந்துகிடந்த இரண்டு கருகிய உத்திரங்களை ஒரு கல்தச்சர் சிலுவையாகக் கட்டி நிறுத்தினார். கூரையிலிருந்து விழுந்த பழைய ஆணிகள் மூன்றைச் சேர்த்து ஒரு குருவானவர் இன்னொரு சிலுவை செய்தார். ஆலயத்தின் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹோவர்ட், ஆறு வாரம் கழித்து, அந்த இடிபாடுகளிலிருந்தே வானொலியில் கிறிஸ்துமஸ் செய்தி அளித்தார். லண்டன் எரிந்துகொண்டிருந்த நாள்கள் அவை. பழிவாங்கும் எண்ணத்தை விலக்க முயல்வோம் என்னும் கருத்தை அவர் அன்று நாட்டுக்குச் சொன்னார்.

பிறகு அந்த இடிந்த பீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில் இரண்டு சொற்கள் பொறிக்கப்பட்டன: "பிதாவே, மன்னியும்." நீங்கள் வேதத்தை அறிந்தவர்கள், நடுவே ஒரு சொல் விடுபட்டிருப்பது உங்களுக்கு உடனே தெரியும். ஆண்டவர் சிலுவையில் ஜெபித்தபோது மன்னிப்பு யாருக்கு என்று குறித்தார். ஏனெனில் அவர் ஒருவர் மட்டுமே தமக்கென்று மன்னிப்புத் தேவைப்படாதவர். "இவர்களுக்கு" என்னும் அந்தச் சொல்லை ஹோவர்ட் வேண்டுமென்றே விட்டுவிட்டார். எல்லாரும் பாவஞ்செய்திருக்க, எரித்தவன் மட்டும் மன்னிப்புக்கு உரியவன் என்று எரிந்த வீட்டுக்காரன் எழுதக்கூடாது என்பது அவர் நம்பிக்கை. அக்காரணத்தை 1945 பிப்ரவரியில் உலகம் கண்டது. டிரெஸ்டன் நகரம் பிரித்தானிய, அமெரிக்கக் குண்டுகளால் எரிந்தது. அங்கேயும் ஒரு பெரிய ஆலயம் இடிந்து விழுந்தது. அந்த ஆலயம் மீண்டும் கட்டப்பட்டு 2005இல் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது, அதன் கோபுர உச்சியில் நின்ற பொற்சிலுவை பிரித்தானிய மக்களின் நன்கொடையில் லண்டனில் செய்யப்பட்டிருந்தது. அதைச் செய்த பொற்கொல்லரின் தகப்பன், அந்நகரின்மேல் குண்டு வீசிய விமானக் குழு ஒன்றில் இருந்தவர்.

இந்தத் துணிவு ஒருமுறையோடு நிற்கவில்லை. 1982இல் ஃபாக்லாந்து யுத்தம் முடிந்து புனித பவுல் பேராலயத்தில் நன்றி ஆராதனை நடந்தபோது, பேராயர் ராபர்ட் ரன்சி மாண்டுபோன அர்ஜென்டினர்களுக்காகவும் துயருற்ற அவர்கள் குடும்பங்களுக்காகவும் ஜெபித்தார். வெற்றிக் களிப்பை எதிர்பார்த்து வந்த பலருக்குக் கோபம். ஆனால் அவரைக் கோழை என்று சொல்ல ஒருவராலும் கூடவில்லை. இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படை அதிகாரியாய்ப் போரிட்டு வீரப்பதக்கம் பெற்றவர் அவர்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இது. அந்தக் கொடிகளில் சில, அந்தச் சகோதரிக்கு எதிராகவே கட்டப்பட்டன. ஆனால் இந்நாட்டை நேசிப்பது எப்படி என்பதைக் கம்பத்தில் ஏறியவர்கள்தாம் தீர்மானிக்கவேண்டும் என்று யார் சொன்னது? பெரியவரே, அந்தச் சகோதரி அடுத்த மாதம் மறுபடியும் சாட்சி சொல்ல வந்தால் நான் தடுக்கமாட்டேன். "மேன்மைபாராட்டுகிறேன்" என்று பவுல் ஒதுக்கிவைத்த சொல்லை மட்டும் சிலுவைக்கென்று விட்டுவைக்கச் சொல்வேன். மற்றபடி அந்தக் காவலர் கதையை எத்தனைமுறை வேண்டுமானாலும் கேட்க நான் ஆயத்தம்.

கவென்ட்ரியில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கூரையற்ற இடிபாடுகளில் ஒப்புரவாகுதலின் ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. தேசத்துக்குத் தேசம் உள்ள பகை, பேராசை, வீடற்றோர்மேல் நம் அலட்சியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் சபை அந்த இரண்டு சொற்களையே பதிலாகச் சொல்கிறது. மழையானால் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதுவும் இந்நாட்டு வழக்கமே. வருகிற வெள்ளிக்கிழமை நண்பகலில் நீங்கள் அலுவலகத்திலோ கடையிலோ சமையலறையிலோ எங்கிருந்தாலும் ஒரு நிமிடம் நின்று அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். பிரித்தானியாவின் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் பிறந்த நாட்டின் பெயரையும் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் சேர்க்காதிருங்கள்.